அம்மி கொத்துகிறவன் மறைத்த யானை

மழை தவணை தவறாமல் பெய்த காலத்திலே, ஆடும் மாடும் முறைவைத்துத் தண்ணீர் குடித்த காலத்திலே, கொக்குமேட்டுப் பட்டணத்தை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கேட்கிறீர்களா? நல்ல ராஜாதான். ஆனால் ஒரு சங்கடம். அவன் எதைச் சொன்னாலும் ஊரே ஆமாம் போடும். நடுப்பகலில் கொட்டாவி விட்டு, "பொழுது சாய்ந்துவிட்டதோ?" என்று அவன் கேட்டுவிட்டால் போதும், தெருவெல்லாம் விளக்கேற்றிக் கோழிகளைப் பிடித்துக் கூண்டில் அடைத்துவிடுவார்கள்.

அந்தப் பட்டணத்திலே சடையன் என்று ஒருவன் இருந்தான். வீடு வீடாகப் போய் அம்மி கொத்துவது அவன் தொழில். இருபது வருஷம் உளி பிடித்த கை, கல்லைப் போலவே காய்த்துக் கிடந்தது. அவன் கொத்தும்போது எல்லோரும் அம்மியைப் பார்ப்பார்கள். அவனை ஒருவரும் பார்த்ததில்லை.

ஒரு திருவிழாவில் செப்பிடு வித்தைக்காரன் ஒருவன் வந்தான். மூன்று கிண்ணங்களைக் கவிழ்த்தான், எலுமிச்சம்பழத்தை ஒன்றின் அடியில் வைத்தான், திறந்தான். பழத்தைக் காணோம். கூட்டம் வாயைப் பிளந்து அவனையே பார்த்தது. சடையனும் பார்த்தான். சாவதற்குள் ஒருநாளாவது தன்னையும் நாலு பேர் இப்படிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

மூன்று கொட்டாங்கச்சியைத் தேய்த்து எடுத்துக்கொண்டான். மூன்று மாதம் பழகினான். அவன் பெண்சாதி பவளாயி கீரை ஆய்ந்துகொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லுவாள்: "இடுப்பு மடிப்புல இருக்கு." மறுபடி செய்வான். "அக்குள்ல இருக்கு." மறுபடி செய்வான். "வாயில இருக்கு. துப்பிடுங்க, புளிக்கும்."

ஆனாலும் ஆசை விடவில்லை. ஒருநாள் சந்தை முனையில் துண்டை விரித்தான்.

முதல் நாள், பழம் கை நழுவி உருண்டது. ஓர் ஆடு அதைத் தின்றுவிட்டது. "பழம் நிஜமாகவே மறைந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டே கூட்டம் கலைந்தது.

இரண்டாம் நாள், பழத்தை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு பேசினான். பல்வலிக்காரன் என்று நினைத்து மருத்துவச்சி ஒருத்தி அவன் வாயில் கிராம்பைத் திணித்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு சூட்சுமம் பிடிபட்டது. வாய் பெரிதாகப் பேசினால், பார்க்கிறவர்கள் கண் கையை விட்டுவிட்டு வாய்க்கு வந்துவிடுகிறது. ஆகவே கையை உயர்த்திச் சொன்னான்: "எலுமிச்சம்பழம் என்ன பெரிய எலுமிச்சம்பழம்! ராஜாவுடைய பட்டத்து யானையையே மறைப்பேன்!" சொல்லிவிட்டு விரலைச் சொடுக்கினான்.

அந்த நேரம் பார்த்து அரண்மனைச் சேவகன் தமுக்கடித்துக்கொண்டு ஓடிவந்தான். "பட்டத்து யானையைக் காணோம்! கொட்டிலை எட்டிப் பார்த்து ராஜாவே சொல்லிவிட்டார்!"

கூட்டம் மூன்றடி பின்வாங்கியது. எல்லோரும் வாயைப் பிளந்து சடையனையே பார்த்தார்கள். ஆசைப்பட்டது கிடைத்தபோது அவன் துண்டைச் சுருட்டத் தொடங்கினான்.

"நான் இல்லீங்க" என்றான். அவன் மடியிலிருந்து பழம் பொத்தென்று விழுந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

சபைக்கு இழுத்துப்போனார்கள். மந்திரி ஓலையைப் பிரித்துச் சட்டம் வாசித்தார்: "பட்டத்து யானையைக் களவாடினவனைப் பட்டத்து யானையின் காலாலே இடற வேண்டியது."

மந்திரி ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யானைதான் இல்லையே.

ராஜா யோசித்துச் சொன்னான்: "அப்படியானால் முதலில் யானையை வரவழை. பிறகு உன்னை இடறுகிறோம். வரவழைக்கும்வரை உனக்குச் சோறு கிடையாது."

"ஆகா, நியாயம்!" என்றது சபை.

வரவழைத்தால் யானைக் காலில் சாவு, வரவழைக்காவிட்டால் பசியில் சாவு. சடையன் கொட்டாங்கச்சியைப் பரப்பினான், வித்தையைச் செய்தான், பழம் ஒளிந்த இடத்தையும் எடுத்துக் காட்டினான். "இவ்வளவுதான் மகாராஜா எனக்குத் தெரிந்தது. இதுவும் சரியாக வராது." சபை இன்னும் பயந்தது. இவ்வளவு அடக்கமானவன் எதையும் செய்வான் என்று கிசுகிசுத்தார்கள்.

அப்போது பவளாயி கஞ்சிக் கலயத்தோடு உள்ளே வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். "யானை அரண்மனைக் குளத்துலதானே நிக்குது? முதுகுல ரெண்டு கொக்குகூட உக்கார்ந்திருக்கு. வர்ற வழியில பார்த்தேன்" என்றாள்.

"ராஜா காணோம் என்றால் காணோம்தான், அம்மா" என்றார் மந்திரி. சொல்லி முடிப்பதற்குள் சாளரத்துக்கு வெளியே யானை தும்பிக்கையால் பீய்ச்சிய தண்ணீர் அவர் தலையில் கொட்டியது. "மழை" என்று சொல்லி ஓலையைத் துடைத்துக்கொண்டார்.

பாகனைக் கூப்பிட்டார்கள். இடுப்புவரை நனைந்து வந்து நின்றான். "காலையிலிருந்து அதைத்தான் தேய்ச்சுக்கிட்டிருக்கேன், மகாராஜா. நீங்க காணோம்னு சொன்னதும், நான் தேய்க்கிறது எதைன்னு எனக்கே சந்தேகம் வந்திடுச்சு."

ராஜா எழுந்து சாளரத்துக்குப் போனான். என்ன தெரியவேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகச் சபை முழுவதும் அவன் முகத்தையே பார்த்தது. ராஜாவின் காது மடல் சிவந்ததைச் சடையன் பார்த்தான்.

மந்திரி ராஜாவின் காதில் ஏதோ ஓதினார். ராஜா திரும்பி, "சடையா, நீதான் மறைத்தாய், நீதான் மீட்டாய் என்று சொல்லிவிடு. மாயச் சக்கரவர்த்தி என்று பட்டம் தருகிறேன். கையில் தங்கக் காப்பும் போடுகிறேன்" என்றான்.

எல்லோரும் சடையனையே பார்த்தார்கள். சடையன் பவளாயியைப் பார்த்தான். அவள் கலயத்து மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

தங்கக் காப்பு அவன் கண்ணுக்குள் ஒருமுறை மின்னிப் போனது. ஆனால் நாளைக்கு ஓர் அரண்மனைப் பூனை தொலைந்தாலும் பழி தன் தலையில்தானே விழும் என்று நினைத்தான். அதைவிட, வீட்டுக்குப் போனால் அவள் என்ன சொல்வாள் என்று நினைத்தான்.

"யானை குளத்தில் இருந்தது, மகாராஜா. நான் மறைக்கவில்லை" என்றான்.

ராஜா சாளரத்தை விட்டு வந்தான். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "அந்த வித்தையை இன்னொருமுறை செய், பார்க்கலாம்."

சடையன் செய்தான். ராஜா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இடுப்பு மடிப்பில் இருக்கிறது" என்றான். அங்கேதான் இருந்தது. தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்தது அவனுக்கு அதுதான் முதல் தடவை. குழந்தைபோலச் சிரித்தான். சடையனைக் கஞ்சி குடிக்க வைத்து, வீட்டுக்கு அனுப்பினான். பவளாயியை வாரம் ஒருநாள் சபைக்கு வந்து, கண்ணில் படுவதைச் சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டான்.

சடையன் பகலில் அம்மி கொத்தினான், சாயங்காலம் பழகினான். ஒரு வருஷம் போனது. ஒருநாள் கொட்டாங்கச்சியைத் திறந்தபோது பவளாயி, "இடது கை" என்றாள். கையை விரித்தான், இல்லை. "இடுப்பு" என்றாள். இல்லை. கீரையைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாக நிமிர்ந்து, "எங்கதாங்க வச்சீங்க?" என்று கேட்டாள்.

மறுநாளே அவன் சந்தை முனைக்குக் கிளம்பினான். அன்றைக்கு ஆடும் தின்னவில்லை, மருத்துவச்சியும் வரவில்லை.

ஆகவே கேட்டவர்களே, ஆமாம் போடும் ஆயிரம் வாய் ஆளைக் கெடுக்கும். உள்ளதைச் சொல்லும் ஒரு வாயே ஆளை ஆக்கும்.