கோரைக்குப் போத்துன பச்சைப் போர்வை

ஒரு ஊர்ல ஒரு கோரைப்புல்லு இருந்துச்சாம். ராசாவும் இல்ல, ராணியும் இல்ல, வெறும் புல்லுதான். ஆனா அதோட திமிரு இருக்கே, அம்மாடி! பேச்சிக்கனின்னு ஒருத்தி, புருசனை இழந்தவ, அவ தன் கையால வச்ச எலுமிச்சந்தோட்டத்துல இந்தக் கோரை முழங்கால் உசரம் நின்னுச்சாம். ம் கொட்டுறியா?

ம்.

எலுமிச்சைக்கு ஊத்துற தண்ணியை அதுவே குடிக்கும். போடுற எருவை அதுவே திங்கும். மரமெல்லாம் மஞ்சக்காமாலை வந்த மாதிரி நிக்குது. அப்போ நிலத்துல பங்கு உள்ள கொழுந்தன் சொள்ளமுத்து வந்தான்.

"என்ன மதினி, கோரையை அறுத்துப் பாய் பின்னப் போறீகளா? அடுத்த கோயில் கொடைத் திருவிழாவுக்குள்ள காய்க்கலைன்னா, மரத்தை வெட்டிட்டுச் செங்கச்சூளை போட்டுருவேன்!"

பேச்சிக்கனி அம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டா. "முப்பிடாதித் தாயே, என் தோட்டத்துப் பழத்துல உனக்கு மாலை போடுறேன், வழி காட்டு"ன்னு வேண்டிக்கிட்டா.

அப்புறம் அரிவாளை எடுத்தா. சரக் சரக்! விடிஞ்சு பாத்தா, பொசுக்குன்னு தலையை நீட்டி, "வெட்டுனியே, வளந்துட்டேனே!"ன்னுச்சாம் கோரை.

அப்புறம் ஏர் பூட்டி, கொரகொரன்னு உழுதா. அதுக்கு மண்ணுக்குள்ள மணிமணியாக் கிழங்கு. ஏர் போன பக்கமெல்லாம் கிழங்கு சிதறி, ஒண்ணு இருந்த இடத்துல பத்து! "உழுதியே, ஊரைக் கூட்டிட்டேனே!"

அப்புறம் தீ வச்சா. சடசட சடசட! எலுமிச்சையோட தாழ்ந்த கொப்புதான் கருகிப் போச்சு, பாவம். கோரை ஒரு மழைக்கு எந்திரிச்சு, "சுட்டியே, சாகலையே!"ன்னு சிரிச்சுது.

என்ன, கொட்டாவியா? இனிமேத்தான் இருக்கு.

ம்.

பேச்சிக்கனி வரப்புல உக்காந்து அழுதா. அங்க தானா முளைச்ச தட்டப்பயத்தங்கொடி ஒண்ணு படந்து கெடந்துச்சு. அடியில யாரோ முனகுறாப்புல கேட்டுச்சு. இலையை விலக்கினா, உள்ள கோரை! வெளிறிப்போய், நூலாட்டம்.

"இந்த இலையை எடு தாயி, வெயிலு படட்டும்."

"ஓகோ! உனக்கு வெயிலுதான் சோறா?" கண்ணைத் தொடச்சிட்டு எந்திரிச்சா.

அப்புறம் மழை ஈரத்துல கோரையைத் தரையோட செதுக்கிட்டு, மரத்தடியை மட்டும் விட்டு, நடுவுல பூரா தட்டப்பயறு விதைச்சா. சொள்ளமுத்து விழுந்து விழுந்து சிரிச்சான்.

"ஏன் மதினி, எலுமிச்சையில பயறா காய்க்கப் போகுது?"

"எது காய்க்குதுன்னு பாருங்க, கொழுந்தனாரே."

கொடி குபுகுபுன்னு படந்து, மண்ணு தெரியாம மூடிருச்சு. கோரை முட்டுச்சு, மோதுச்சு. எங்கயும் வெயிலே இல்ல. கொடி காயவும், அதை அங்கயே மடக்கிப் போட்டு மறுபடியும் விதைச்சா. "ஆத்தா, தூக்கம் வருதே..."ன்னு கோரை சுருண்டுருச்சு.

அப்போ எலுமிச்சை வயிறாரக் குடிச்சுது. பூவு! பிஞ்சு! கொப்பு தாங்காம, தொப்பு தொப்புன்னு பழம்! கொடை அன்னைக்கு டும் டும் டும்முன்னு மேளம். ஆளுசர மாலையைத் தோள்ல சுமந்துட்டு வந்தது யாரு தெரியுமா? சொள்ளமுத்து! முப்பிடாதி ஆத்தா கழுத்துல மாலை ஏறவும், பேச்சிக்கனி கண்ணு நெறைஞ்சு கன்னத்துல போட்டுக்கிட்டா. அவன் தலையைச் சொறிஞ்சான்.

"மதினி... என் கொய்யாத் தோப்புலயும் கோரை. ரெண்டு படி விதைப்பயறு..."

"ஏன், பாய் பின்ன வேண்டியதுதானே?"ன்னு சிரிச்சுக்கிட்டே, துண்டு நெறைய அள்ளிப் போட்டா.

ம்?

ம்...

கோரை பச்சைப் போர்வைக்குள்ள தூங்கிருச்சு. உனக்கும் போத்தியாச்சு. கதையும் கண்ணை மூடிருச்சு, நீயும் மூடு.