எல்லைக் கயிறும் ஆகாயத்தாமரையும்

ஒரு காட்டில், ஓடுகிற ஆற்றுக்குக் குறுக்கே கயிறு கட்டி வைத்திருந்தார்கள். ஆற்றுக்கு எதற்குக் கயிறு என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன்!

கயிற்றுக்கு மேற்கே சிங்கராஜாவின் அரசாங்க ஆறாம். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு காட்டுப்பன்றி அதிகாரி. அவருக்குக் கீழே பத்துப் பன்றிகள். கயிற்றுக்குக் கிழக்கே ஊர் ஆறாம். அது எருமைக் கூட்டத்தின் பொறுப்பு. தண்ணீருக்கு இதெல்லாம் தெரியாது. அது பாட்டுக்குக் கயிற்றின் அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அந்த ஆற்றில் ஆகாயத்தாமரை வந்து சேர்ந்தது. பூ என்னவோ அழகுதான். ஆனால் விட்டால் பாய் விரித்த மாதிரி தண்ணீரையே மூடிவிடும்.

காலையில் பன்றிகள் வந்து அதை மூக்கால் தள்ளிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் விட்டன. "அரசாங்க ஆறு சுத்தம்!" என்றார் அதிகாரி.

மாலையில் காற்று மாறியதும் எருமைகள் அதைக் கொம்பால் முட்டி இந்தப் பக்கம் விட்டன. "ஊர் ஆறு சுத்தம்!" என்றார் எருமைத் தலைவர்.

இப்படியே மூன்று மாதம். தாமரை தினமும் இரண்டு வேளை உலாவப் போய், நன்றாகக் கொழுத்துவிட்டது.

கயிறு கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு இருந்தது. மூடிய தண்ணீரில் மூச்சு முட்டி மீன்கள் செத்து மிதந்தன. மிச்சமிருந்தவை எங்கேயோ அடியில் பதுங்கிக்கொண்டன. குட்டிகள் மூன்று நாளாகப் பட்டினி. சின்னக்குட்டிக்கு எழுந்து நிற்கக்கூட முடியவில்லை.

நீர்நாய் அதிகாரியிடம் ஓடியது. "ஐயா, அந்தப் பாழாய்ப்போன தாமரையைக் கரையில இழுத்துப் போடுங்க. என் பிள்ளைங்க சாகக் கிடக்குதுங்க!"

"இந்த நேரத்துல அது ஊர் எல்லைக்குள்ள இருக்குமே. நான் அதுல தலையிட முடியாதும்மா. விதி அப்படி."

நீர்நாய் எருமைத் தலைவரிடம் ஓடியது. "அண்ணே, நீங்களாவது மனசு வைங்க!"

தலைவர் அசைபோட்டுக்கொண்டே சொன்னார்: "மேலேருந்து வந்ததுதானே? அரசாங்கம் எடுக்கட்டும். எல்லாத்தையும் நாமளே செஞ்சா ராஜா எதுக்கு?"

நீர்நாய்க்கு நன்றாகத் திட்டிவிடலாமா என்று வாய் துடித்தது. திட்டினால் மீன் வருமா? பேசாமல் ஆற்றுக்குப் போய்க் கயிற்றின் இரண்டு முனைகளையும் அவிழ்த்தது. கயிற்றைத் தாமரைக் கூட்டத்தின் பின்பக்கமாக வளைத்து, இரண்டு முனைகளையும் ஒரே கரைக்குக் கொண்டுவந்து போட்டது. பிறகு தொண்டை கிழியக் கத்தியது.

"ஐயையோ! எல்லைக் கயிறு போச்சே! இனிமே எது யார் வேலைன்னே தெரியாதே!"

அவ்வளவுதான். ஆறு முழுக்கத் தங்கள் தலையில் விழுந்துவிடுமோ என்று இரண்டு கூட்டமும் விழுந்தடித்து ஓடிவந்தன.

"அரசாங்கக் கயிறு! இழுங்கடா!" என்றார் அதிகாரி. பத்துப் பன்றிகளும் ஒரு முனையைக் கவ்வி இழுத்தன. தாமரை அசையவில்லை. கயிறு மட்டும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்தது.

"ஆகா! கயிற்றைப் பிடிச்சவன் தன் இஷ்டத்துக்கு எல்லை கட்டிடுவான். விடாதீங்க!" என்றார் தலைவர். மூன்று எருமைகள் அடுத்த முனையைக் கவ்விக்கொண்டன.

பத்துப் பன்றிக்கும் மூன்று எருமைக்கும் பலம் சரியாக இருந்தது. கயிறு இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. நடுவில் மாட்டிய தாமரைதான் மெல்ல மெல்லக் கரைக்கு நகர்ந்தது. அதிகாரியும் தலைவரும்கூட ஆளுக்கொரு முனையைக் கவ்விக்கொண்டார்கள். எல்லார் வாயிலும் கயிறு இருந்ததால் ஒருவரை ஒருவர் திட்டவும் முடியவில்லை. அந்த ஆற்றங்கரை அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை!

பாதித் தாமரை மணலில் வந்து விழுந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு தண்ணீர் வெயிலைப் பார்த்தது. மேலே காற்று வாங்க ஒரு கெண்டை துள்ளியது. பெரியகுட்டி தொபுக்கென்று குதித்து, அதைக் கவ்விக்கொண்டுபோய்ச் சின்னக்குட்டியின் முன்னால் போட்டது. சின்னக்குட்டி தலையைத் தூக்கி, ஒரு வாய் கடித்தது. பிறகு இன்னொரு வாய். நீர்நாய் அழுதுவிட்டது.

அதிகாரி அதைப் பார்த்தார். கயிற்றைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "தலைவரே, இன்னும் பாதி கிடக்கு. நாங்க மட்டும் இழுத்தா வெறும் கயிறுதான் வருது. அந்த முனையைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

"பிடிக்காம என்ன? இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே!"

"நீங்களுந்தான் கேட்கலை!"

"என்னது? நாங்க ஏன்யா கேட்கணும்?"

"போதும், போதும்!" என்று நடுவில் பாய்ந்தது நீர்நாய். "முதல்ல ரெண்டு பேரும் கயிற்றை வாயில வைங்க!"

நீதி: அழுக்கை அரசும் ஊரும் ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளினால் ஆறு சாகும், சேர்ந்து இழுத்துக் கரையில் போட்டால் பிழைக்கும்.