பால் காய்ச்சாத மாளிகைகள்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் நாலு பேருக்கு முகம் சுருங்கும் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், சிரிப்பதற்கு மிகவும் பிரியப்பட்ட ராஜா ஒருவர் இருந்தார். காலையில் பல் துலக்கி முடித்ததும் அவருக்கு ஒரு விகடம் வேண்டும். அதற்காகவே குழைக்காதர் என்றொரு விகடரைச் சபையில் வைத்திருந்தார். குழைக்காதரின் நாக்குக்கு மந்திரி முதல் மடப்பள்ளி ஆள் வரை எல்லோருக்கும் பயம்.

தலைநகரத்துக்கு மேற்கே ஒரு பெரிய ஏரி. ஏரிக்கரைக்கு நேர் கீழே பள்ளத்தெரு. ராஜாவின் பாட்டனார் அந்தக் கரையைக் காப்பதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, அதைக் கோயில் வாசலில் கல்லில் வெட்டி வைத்திருந்தார். ஒரு மனையில் முதன்முதலாகப் பால் பொங்குகிற நாளிலிருந்து அது வீடு. பால் பொங்க விட்டவரே அதற்கு உடையவர். வீட்டின் அளவுக்குத் தக்கபடி அவர் ஆண்டுதோறும் ஏரிக்கரைக்கு வரி தர வேண்டும். பால் காய்ச்சாமல் புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் அந்த ஊரில் யாருமே இல்லை. அதனால் பாட்டனார் அதற்குமேல் யோசிக்கவில்லை. நல்ல மனுஷர், பாவம்.

யோசித்தவர் அளகேசர். ராஜாவின் முதன்மந்திரி, ஊரிலேயே பெரிய பணக்காரரும் அவர்தான். ராஜவீதியில் அறுபது தேக்குத் தூண்களோடு மாளிகை கட்டினார். கட்டி முடித்ததும் மாளிகையில் பால் காய்ச்சவில்லை. கொல்லைப்புறத்தில் ஓர் ஓலைக்கொட்டகை போட்டு, அங்கே காய்ச்சினார். கொட்டகைக்கு வருஷம் ஒரு பணம் வரி. மாளிகைக்கு ஒன்றும் கிடையாது; அதுதான் இன்னும் வீடே ஆகவில்லையே! சமையல் எல்லாம் கொட்டகையில், சாப்பாடும் படுக்கையும் மாளிகையில். பெண்களைக் கட்டிக் கொடுத்து, பேரப்பிள்ளைகளும் பிறந்தாகிவிட்டது. நாலைந்து வருஷத்துக்குள் ராஜவீதி முழுவதும் இதைக் கற்றுக்கொண்டது. இருபத்துமூன்று மாளிகைகள், இருபத்துமூன்று கொட்டகைகள். யாரும் எதையும் ஒளிக்கவில்லை, யாரும் பொய் சொல்லவும் இல்லை.

குழைக்காதர் இதைச் சபையில் விகடமாகச் சொன்னார். "மன்னா, நம் ராஜவீதிக்காரர்களைப் போலப் பரம ஏழைகளை நான் பார்த்ததே இல்லை. பேரன் பேத்தி எடுத்தும் குடியிருக்க ஒரு வீடில்லாமல் தவிக்கிறார்கள்!"

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்த சந்தோஷத்தில் ராஜவீதியின் கடைசியில் ஒரு சின்ன மாடிவீட்டை விகடருக்குப் பரிசாகக் கொடுத்தார். குடிபோவதற்கு முதல் நாள் அளகேசரே நேரில் வந்து, "விகடரே, வருஷத்துக்கு நாலு பணம் மிச்சம். நடுக்கூடத்தில் மட்டும் பால் காய்ச்சிவிடாதீர்" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். குழைக்காதர் ஒரு கணம் தயங்கினார். பிறகு நாலு பேர் செய்வதைத்தானே நாமும் செய்கிறோம் என்று கொல்லையில் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டார்.

இது நடந்து பதினோரு வருஷம். அவ்வளவு நாளும் அந்தக் கொட்டகைக்குப் பால் கொண்டுவந்து ஊற்றியவள் பள்ளத்தெருக் காத்தாயி. ஒற்றை மாடு வைத்திருந்தாள். அவளுடைய குடிசைக்கு அவளும் புருஷன் சடையனும் முறையாகப் பால் காய்ச்சி, வருஷம் தவறாமல் வரி கட்டி வந்தார்கள். செம்பை இறக்கி வைக்கும்போதெல்லாம், "என்னய்யா, வூடு இன்னும் கட்டி முடியலையா?" என்று அவள் கேட்பாள். இன்னும் முடியவில்லை என்று குழைக்காதர் ஏதாவது குறும்பாகப் பதில் சொல்லுவார். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை அடித்து ஊற்றியது. கரை விரிசல் விட்டிருக்கிறது என்று ஏரிக் காவலர்கள் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். பள்ளத்தெருக் குடிசைகள் கொடுத்த பணத்தில் இருபது கூடை மண்கூடக் கொட்ட முடியவில்லை. ஒரு முற்பகலில் கரை உடைந்தது. நூற்று நாற்பது குடிசைகளும் போயின. உடைப்பை அடைக்கத் தழையும் மண்மூட்டையுமாக ஓடியவர்களில் ஏழு பேர் திரும்பி வரவில்லை. அந்த ஏழு பேரில் ஒருவன் சடையன்.

மறுநாள் காலை குழைக்காதர் வாசலில் காத்தாயி நின்றாள். கையில் செம்பு இல்லை. மாட்டைப் பிடித்த கயிறு இருந்தது. அவளுக்குப் பின்னால் நனைந்த துணியோடு பெண்களும் குழந்தைகளுமாகப் பத்துப் பதினைந்து பேர்.

"கோயில் மண்டவத்துல நிக்கக்கூட எடமில்லீங்கய்யா" என்றாள். "இது இன்னும் முடியாத வூடுதானே? ஓரமா நின்னுக்கிடட்டுமா?"

அவள் குத்திக் காட்டவில்லை. பதினோரு வருஷமாக அவளிடம் சொல்லி வந்ததை அவள் உண்மை என்றே எடுத்துக்கொண்டு கேட்டாள். குழைக்காதர் கதவை விரியத் திறந்து விட்டார். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து அழுதார்.

சபை கூடியபோது ராஜாவும் முகம் வாடித்தான் உட்கார்ந்திருந்தார். "விகடரே, இன்றைக்கு ஏதும் இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை மன்னா. பள்ளத்தெரு சனங்கள் மழையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கூரை வேண்டும்."

அளகேசருக்கு இந்த விகடர் மேல் வெகுநாளாகவே ஒரு கண். ராஜா தன்னிடம் யோசனை மட்டும் கேட்கிறார், அவனிடமோ சிரிக்கிறார் என்ற எரிச்சல். அவர் எழுந்தார். "மன்னர் பெருமானே! கஜானா நிலைமை தாங்கள் அறியாததல்ல. விகடர் இவ்வளவு உருகுகிறாரே, அவரே இந்தப் பொறுப்பை ஏற்கட்டும். கஜானாவிலிருந்து ஒரு காசு எடுக்காமல், புதிதாக ஒரு குச்சி நடாமல், எவருடைய வீட்டுக்குள்ளும் அத்துமீறிப் புகாமல், நாளை மாலைக்குள் அத்தனை பேருக்கும் கூரை காட்டட்டும். முடியாவிட்டால் சபையை விட்டு விலகட்டும்."

ராஜாவுக்கு எப்போதும் இப்படிப்பட்ட பந்தயம் பிடிக்கும். அன்று இருந்த துக்கத்திலும் பிடித்தது. "ஏற்கிறீரா?" என்றார்.

"ஏற்கிறேன் மன்னா. மந்திரியார் சொன்ன மூன்று நிபந்தனைகளையும் அவர் வாயால் சொன்னபடியே எழுதி, முத்திரை வைத்துத் தர வேண்டும்."

ஓலை கைக்கு வந்ததும் குழைக்காதர் நேரே வரிக்கணக்கரிடம் போனார். "ராஜவீதியில் எத்தனை வீடுகள் இருக்கின்றன?" என்று கேட்டார்.

கணக்கர் ஏட்டைப் புரட்டினார். "கொட்டகைதான் இருக்கிறது. உம்முடையதையும் சேர்த்து இருபத்துநாலு. கொட்டகையைத் தவிர்த்து வீடென்று ஒன்றுகூட இல்லை."

"அதை அப்படியே எழுதிக் கொடும்."

மறுநாள் காலை நூற்று நாற்பது குடும்பங்களும் ராஜவீதிக்குள் நுழைந்தன. அளகேசரின் வாயிற்காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். குழைக்காதர் இரண்டு ஓலைகளையும் காட்டினார். "வீட்டுக்குள்தானப்பா போகக் கூடாது? இது வீடில்லை என்று உன் எஜமானரே வருஷா வருஷம் கணக்கரிடம் சொல்லி வருகிறார். கொட்டகைப் பக்கம் ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள், பயப்படாதே." காவலன் ராஜ முத்திரையைப் பார்த்துவிட்டு ஈட்டியை இறக்கினான். எஜமானர் அந்த நேரம் அரண்மனையில் இருந்தார்.

அறுபது தூண் கூடத்தில் குழந்தைகள் பசியில் கத்தின. குழைக்காதர் காத்தாயியிடம் வந்தார். "மாட்டைக் கறந்து இந்த நடுக்கூடத்தில் பாலைக் காய்ச்சு."

அவள் பின்னால் நகர்ந்தாள். "புருசனப் பறிகுடுத்துட்டுத் தீட்டோட நிக்கிறவ நானு. எங்கையால புது வூட்டுல பாலு பொங்கலாமாய்யா?"

"புள்ளைங்க பசிக்கு ஏது தீட்டு, காத்தாயி?"

அவள் குழந்தைகளைப் பார்த்தாள். மூன்று கல்லைக் கூட்டினாள். பால் சூடேறி நுரைத்து, பானையின் விளிம்பைத் தாண்டிப் பொங்கி அடுப்பில் வழிந்தது. கூட்டத்தில் ஒருத்தி பழக்கதோஷத்தில் குலவையிட வாயெடுத்தாள். பாதியிலேயே அது அழுகையாக மாறிவிட்டது. அப்புறம் அந்தக் கூடத்தில் அழாதவர்கள் யாரும் இல்லை. மற்ற இருபத்திரண்டு மாளிகைகளிலும் வெள்ளத்தில் தப்பிய மாடுகளைக் கொண்டு அப்படியே பால் பொங்கியது.

அன்று மாலை சபையில் அளகேசர் குமுறினார். "மன்னா! என் வீட்டைப் பறித்துவிட்டார்கள்! அத்துமீறல்! இந்த விகடனைக் கழுவேற்ற வேண்டும்!"

"எந்த வீடு, மந்திரியாரே?" என்று குழைக்காதர் கேட்டார். அவர் குரலில் விளையாட்டு இல்லை.

"என் மாளிகை!"

"அது வீடென்றால் அதில் என்றைக்குப் பால் பொங்கியது? அந்த நாளைச் சொல்லும். அன்றிலிருந்து வர வேண்டிய வரியைக் கொடுத்துவிட்டு வீட்டை எடுத்துக்கொள்ளும். பொங்கவே இல்லை என்றால், முதல் பால் இன்று காலை பொங்கியது. பொங்க விட்டவள் காத்தாயி. கல்லில் எழுதியிருப்பதை நான் மாற்றவில்லை."

அளகேசர் ராஜாவின் பக்கம் திரும்பினார். "மன்னர் பெருமானே, நான் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. வழி விட்டது சட்டம். இருந்த வழியில் நடப்பது குற்றமா?"

"குற்றமில்லை" என்றார் குழைக்காதர். "நானும் பதினோரு வருஷம் அதே வழியில்தான் நடந்தேன். அதை வைத்து விகடம் செய்து வீடும் வாங்கினேன். குற்றமாக இருந்தால் தண்டனையோடு தீர்ந்து போகும். குற்றமே இல்லாமல் போனதால்தான் ஏழு பேர் செத்தும் ஏனென்று கேட்க ஆளில்லை. அந்தக் கரைக்கு நாம் கொடுக்காத மண்ணுக்குப் பதிலாக அவர்கள் போய்ப் படுத்தார்கள், மன்னா."

அளகேசர் தழைந்த குரலில், "அப்படியானால் நானும் என் பேரப்பிள்ளைகளும் இன்றிரவு எங்கே போவது?" என்றார்.

ராஜா அவர் பக்கம் திரும்பினார். "ஏன், வருஷம் தவறாமல் வரி கட்டிய கொட்டகை இருக்கிறதே! சட்டப்படி உமக்குள்ள வீடு அதுதான். மழை வருவதற்குள் குடிபோம்" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். சபையும் சிரித்தது. சிரித்துக்கொண்டே அவர் கண் வாசலருகே நின்ற காத்தாயி மேல் பட்டது. அவள் சிரிக்கவில்லை. ராஜாவின் சிரிப்பு நின்றது.

"அம்மா, மாளிகை சட்டப்படி உன்னுடையது. என்ன செய்யப் போகிறாய்?"

"கரையக் கட்டுங்க மகராசா" என்றாள் காத்தாயி. "அது கெட்டியா நின்னு, எங்க கூரையும் நின்னாச்சின்னா நா எறங்கிடுறேன். அதுவரைக்கும் எறங்க மாட்டேன்."

ஓலைக்கொட்டகையில் அளகேசர் மூன்று நாள்தான் தாக்குப்பிடித்தார். நாலாம் நாள் தம்முடையது வீடுதான் என்று கோயில் கல்லின் முன்னால் நின்று ஒப்புக்கொண்டார். மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். அத்தனை வருஷத்து வரியும் வந்து சேர்ந்தது. தை பிறப்பதற்குள் ஏரிக்கரை கல்லுக்கட்டோடு எழுந்தது, பள்ளத்தெருவில் கூரைகளும் எழுந்தன. சொன்ன சொல்படி காத்தாயி மாடு கன்றோடு மாளிகையை விட்டு இறங்கிப் போனாள்.

ராஜா குழைக்காதருக்கு முத்துமாலை போட வந்தார். விகடர் கழுத்தைக் கொடுக்கவில்லை. "மன்னா, பதினோரு வருஷத்து வரியைக் கட்டிவிட்டேன். என் வீட்டில் பால் காய்ச்ச ஒரு நல்ல நாள் பார்த்துக் கொடுங்கள். அது போதும்" என்றார். ராஜா மாலையைக் ஏரிக்கரை வரிப்பெட்டியில் போடச் சொன்னார்.

நாள் பார்த்த அன்று காலையில் காத்தாயி வழக்கம்போலச் செம்போடு கொல்லைப்புறம் வந்தாள். குழைக்காதர் அவளை வாசல் வழியாக நடுக்கூடத்துக்கு அழைத்துப் போனார். அவள் கண்ணெதிரே அடுப்பு மூட்டி, அவள் கொண்டுவந்த பாலை ஊற்றினார். பால் நன்றாகவே பொங்கியது. ஏதாவது சொல்லுவாள், பழையபடி கேலி பேசுவாள் என்று அவள் முகத்தையே பார்த்தார்.

"நல்லாத்தான் பொங்குது" என்றாள் காத்தாயி. "பதினோரு வருசம் முன்னாடி பொங்கியிருக்கலாம்."

காலிச் செம்பை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் பால் கறக்கப் போய்விட்டாள்.