தலைவர் திறந்து வைத்த களம்

கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கபடிப் போட்டி. ஆண்களுக்குப் புது ரப்பர் மேட் விரித்த களம். பெண்களுக்குப் பக்கத்திலேயே சரளைக்கல் பொட்டல். பெண்கள் அணிக் கேப்டன் செவந்தி பீடி சுற்றிப் பிழைக்கிறவள். கமிட்டித் தலைவர் தங்கபாண்டியிடம் போய் நின்றாள்.

"போன வருசம் இந்தக் கல்லுல விழுந்து ரெண்டு பேருக்கு முட்டி போச்சுங்கய்யா. எங்களையும் அந்த மேட்ல ஆட விடுங்க."

"ஏட்டி, தரை பூ மாதிரி கெடக்கு. அடிபடும்னு பயந்தா வீட்டோட இரு."

"சரிங்கய்யா. அப்ப எங்க ஆட்டத்தை நீங்களே வந்து தொடங்கி வையுங்க."

மாலை மரியாதை என்றால் தலைவருக்கு உயிர். மைக்கில் பெயரைச் சொன்னதும் மிடுக்காக வந்தார். செவந்தி கைகூப்பினாள்.

"களத்துக்குள்ள செருப்பு ஆகாதுங்கய்யா."

ஊரே பார்க்கிறது. கழற்றினார்.

நடுக்கோட்டுக்குப் பத்தடிதான். மூன்றாவது அடியில் வேட்டியைத் தூக்கினார். ஐந்தாவதில் நொண்டினார். பத்தாவதில் "யாத்தே!" என்று செவந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாங்கய்யா. நீங்க நடக்கத்தான செய்தீங்க. நாங்க இதுல விழணும்."

கூட்டம் சிரித்தது. தலைவர் திரும்பிப் பார்த்தார். செருப்பு பத்தடி தள்ளிக் கிடந்தது.

"எலே," என்று மைக்கைப் பிடுங்கிக் கத்தினார், "அந்த ரப்பர் மேட்டைப் பேத்து இங்க கொண்டாந்து விரிங்கலே!"