பரஞ்சோதி ஏணியைப் பிடித்த நாள்

சிறுமலை அடிவாரத்தில், கடைசி மின்கம்பத்தையும் தாண்டிப் போனால் தவமணித் தாயின் குடில். அதற்கு மேலே ஒரு மேட்டில் பரஞ்சோதியின் வீடு. மண் குழைத்துச் சுவர் வைத்ததும் அவர்தான், ஓடு வேய்ந்ததும் அவர்தான். கூரையில் சோலார் தகடு, கொல்லையில் சாண எரிவாயு, மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு சிமெண்டுத் தொட்டி. எதிலும் வெளியாள் கை பட்டதில்லை.

மனைவி போய்ச் சேர்ந்தபின் மனம் ஒரு நிலையில் நில்லாமல் தாயிடம் வந்து சேர்ந்தவர். வயதில் அவர்தான் பெரியவர். தாய்க்கு நாற்பது இருந்தால் அதிகம். அவர் "தாயே" என்பார், தாய் "அய்யா" என்பார். இதில் குரு யார், சீடர் யார் என்று புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள்.

ஐப்பசி பிறந்து, வானம் மூடிக்கிடந்த ஒரு காலையில் பரஞ்சோதி ஓட்டமும் நடையுமாக வந்தார். தாய் கீரைப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"தாயே, இன்னிக்கு எம் மகன் தினகரன் வர்றான். ரெண்டு வருஷமா எட்டிப் பாக்காதவன். சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிடுவானாம்."

"நல்லதுதானே அய்யா."

"இன்னிக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனான்னா, அப்புறம் என் காரியத்துக்குத்தான் வருவான். என்ன சொல்லி அவனைப் பிடிச்சு வைக்கிறது? நீங்கதான் வழி சொல்லணும்."

தாய் களையின் மண்ணை உதறினார்.

"போன தடவை வந்தப்ப என்ன செஞ்சார்?"

"ஆசையா மேல ஏறி, ஒழுகின இடத்துல ஓடு மாத்தினான். கோணலா வச்சுட்டான். நான் பிரிச்சு நேரா அடுக்கினேன்."

"அவர் போன பிறகா?"

"இல்ல தாயே. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் பாத்துட்டுதான் நின்னான். பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு, அதான் கையோட முடிச்சுட்டேன்."

தாய் இன்னொரு களையைப் பிடுங்கினார்.

"இப்ப வீட்ல என்ன வேலை மிச்சம்?"

"ஒண்ணுதான். ஓட்டுத் தண்ணி தொட்டிக்குப் போறதுக்கு, நீளவாக்குல அறுத்த குழாயைக் கூரை ஓரத்துல கட்டணும். அவன் வர்றதுக்குள்ள கட்டிடுவேன். வந்து மகாராசனா உக்காந்து சாப்பிடட்டும்."

"கட்டாதீங்க. நானும் வர்றேன்." தாய் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தினகரன் வந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மேற்பார்வை வேலை. "நல்லாருக்கீங்களாப்பா?" என்றான். "இருக்கேன். இளைச்சுட்டியே" என்றார் இவர். அதோடு பேச்சு தீர்ந்துபோயிற்று. அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சிக்னல் இல்லாத போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இந்தக் குழாயை மேல கட்டித் தர்றீங்களா?" என்று கேட்டார் தாய்.

அவன் அப்பாவைப் பார்த்தான். "எதுக்கும்மா ரெட்டை வேலை? நான் கட்டினா அவர் பிரிச்சுத் திரும்பக் கட்டுவாரு. நேரா அவரே கட்டிடட்டும்."

பரஞ்சோதிக்குச் சுருக்கென்றது. அவர் வாயைத் திறப்பதற்குள் தாய் ஏணியைச் சுவரில் சாத்தியாகிவிட்டது.

"தரை மேடு பள்ளமா இருக்கு அய்யா. ஏணி வழுக்கும். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோங்க."

பிடித்துக்கொண்டார். மகன் ஏறினான். அவன் பாதம் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது. பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம், அவன் அம்மாவுக்கு இருந்த மாதிரியே. இத்தனை வருஷத்தில் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று நினைத்தார். அந்த நினைப்பு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"டேய், சரிவு போதாது. அந்த முனையை இறக்கு. விடு, நான் வந்து..."

"ஏணி, அய்யா" என்றார் தாய்.

கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "கம்பியை அப்படி முறுக்கினா அறுந்துடும்டா, கொண்டா இப்படி..." என்று ஒரு கையை மேலே நீட்டினார். ஏணி ஒரு பக்கமாக நழுவியது. தினகரன் கூரைச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, "அப்பா!" என்று கத்தினான்.

சின்ன வயதில் கிணற்றில் நீச்சல் பழகும்போது கத்திய அதே குரல்.

இரண்டு கையும் ஏணிக்கு ஓடி வந்தன. "பிடிச்சிருக்கேன்டா. பிடிச்சிருக்கேன் சாமி. நீ கட்டு."

அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. முருகா, முருகா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். அவ்வளவுதான்.

கட்டி முடித்து, ஒரு குடம் தண்ணீரை ஓட்டின் மேல் ஊற்றிப் பார்த்தார்கள். பாதி தொட்டிக்குப் போயிற்று. மீதி, குழாய் நடுவில் தொய்ந்த இடத்தில் வழிந்து, சுவரை விட்டுத் தள்ளி மண்ணில் விழுந்தது.

"கோணிப் போச்சேப்பா" என்றான் தினகரன். சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பரஞ்சோதி தொட்டியை எட்டிப் பார்த்தார். "பாதி வருதுல்லடா."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாதித் தண்ணிக்கா இம்புட்டு நேரம் ஏணியைப் பிடிச்சீங்க?"

மதியம் கீரைக் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவன் தங்கியிருக்கும் அறை, பக்கத்து அறைக்காரன் விடும் குறட்டை என்று ஏதேதோ பேசினான். பையை எடுக்கும்போது, "கார்த்திகை தீபத்துக்கு வர்றேன்ப்பா. வந்து நானே சரி பண்றேன். அதுவரைக்கும் கை வச்சீங்க, அவ்வளவுதான்" என்றான்.

பஸ் ஏற்றிவிட்டு வந்தவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மலை மேல் இடி உருண்டது. கம்பி முறுக்கும் கொறட்டை எடுத்துக்கொண்டு குழாய்க்கு அடியில் போய் நின்றார்.

"தாயே, இந்த மழையை விட்டா கோடைக்குக் குடிக்கத் தண்ணி இருக்காது. கொஞ்ச நேர வேலைதான். இப்ப நேரா கட்டிக்கிறேன். அவன் வர்றதுக்கு முன்னாடி நாளு மறுபடியும் கோணலாக்கி வச்சுடறேன். அவனுக்குத் தெரியவா போகுது?"

தாய் கையை நீட்டினார். பரஞ்சோதி தயங்கித் தயங்கிக் கொறட்டைக் கொடுத்தார்.

"கோடையில குறைஞ்சா எங்க கிணத்துல மொண்டுக்கோங்க" என்றார் தாய். "இப்பப் போயி, அந்தத் தண்ணி விழற இடத்துல ஒரு வாழைக்கன்னு வைங்க அய்யா."