முதலாளிக்கே ஒரு மனை

மனை விற்கும் தணிகாசலத்திடம் இருதயராஜ் வேன் ஓட்டினான். மனை பார்க்க வருகிறவர்களை ஏற்றி வருவது அவன் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு, மனைவியின் நகையை அடகு வைத்து, அவனும் அவரிடமே ஒரு மனை வாங்கியிருந்தான். விற்று லாபம் பார்க்கத்தான் வாங்கினான், விற்க முடியவில்லை. நகை ஏலத்துக்குப் போகும் நிலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைகளுக்கு நடுவே போட்ட பந்தலில் மனை பார்க்க வந்த இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தணிகாசலம் மைக்கை அவன் கையில் திணித்து, "நீ பாத்த லாபத்தைச் சொல்லு. இல்லன்னா வேன் சாவியை வெச்சிட்டுப் போ" என்று காதோடு சொன்னார்.

இருதயராஜ் பணிவாகப் பேசினான். "ஆறு லட்சத்துக்கு வாங்கினேங்க. இன்னைக்கு முதலாளி சொல்ற விலை ஏழு. பத்திரச் செலவு, புரோக்கர் கமிஷன், அடகு வட்டி போனா அந்த ஒரு லட்சத்துல எனக்கு எதுவும் மிஞ்சாதுங்க. அதனால லாபம் முதலாளிக்கே போகட்டும். ஆறுக்கே அவருக்குத் தந்துடறேன். அவர் இப்பவே உங்கள்ல யாருக்காவது ஏழுக்கு வித்துக்கட்டும்."

எல்லோரும் தணிகாசலத்தைப் பார்த்தார்கள்.

"அது... பழைய மனையெல்லாம் நாங்க திருப்பி வாங்கறதில்ல" என்று இழுத்தார் அவர்.

முன்வரிசையில் இருந்த நர்ஸ் ஒருவர், கொண்டுவந்த முன்பணத்தோடு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

சாவியை வைத்துவிட்டு வந்த இருதயராஜிடம் நர்ஸ் கேட்டார்: "எங்களைக் காப்பாத்திட்டீங்க தம்பி. உங்க மனையை இனி யார் வாங்குவா?"

"காலையில வேன்ல ஒருத்தர் வாங்கிக்கறேன்னு சொன்னாரும்மா" என்றான்.

அந்த மனிதர் எல்லோரையும் முந்திக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.