சாப்பிடப் போனவர்

"தாயே, அரை மூட்டை அரிசி போதுமா?" என்று கேட்டார் மாசிலாமணி.

வடிவம்மை புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மடத்துக்கு அவர்தான் குரு. நாற்பது வயதுகூட ஆகவில்லை. மாசிலாமணிக்கு அறுபது. ஒரு பண்ணையில் காவல்காரராக இருந்துவிட்டு, மனம் வெறுத்துப்போய் மடத்துக்கு வந்தவர்.

"எதற்கு ஐயா?"

"காலையில் ஒருவனைக் கம்பால் அடித்துவிட்டேன்."

வடிவம்மை புளியைக் கீழே வைத்தார்.

ஏரிக்கரையில் வாத்து மேய்ப்பவர்கள் வந்து கூடாரம் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் மடத்து ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியைத் தாண்டினான். திருடன் என்று மாசிலாமணி ஓங்கி அடித்தார். அவன் சுருண்டு விழுந்தான்.

"விழுந்து கிடந்தபடி சொன்னான் தாயே, குட்டி கிணற்றில் கிடந்தது என்று. தூக்கி வந்து கொடுக்கத்தான் வந்திருக்கிறான். அவன் உடம்பெல்லாம் ஈரம். அடித்த பிறகுதான் அந்த ஈரம் என் கண்ணில் பட்டது."

"அடிக்கும் முன் என்ன கண்ணில் பட்டது?"

மாசிலாமணி தலைகுனிந்தார்.

"வாத்துக்காரன்."

"வேறு?"

"வேறு ஒன்றும் படவில்லை தாயே."

வடிவம்மை எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"அரிசி வேண்டாம்," என்றார் வடிவம்மை. "வெறுங்கையோடு போங்கள். அவர்களிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்."

"அடித்ததும் அல்லாமல் சோறும் கேட்பதா?"

"அரிசி கொடுத்தால் உடனே திரும்பிவிடுவீர்கள். சாப்பிடுவதென்றால் உட்கார வேண்டும்."

வெயில் ஏறியிருந்தது. வடிவம்மை ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து அவர் தலையில் போட்டு அனுப்பினார்.

ஏரிக்கரையில் அவரைக் கண்டதுமே ஒரு கிழவர் தடியை எடுத்துக்கொண்டார். அடிபட்ட குப்பாண்டி கூடாரத்து நிழலில் உட்கார்ந்திருந்தான். தோளில் மஞ்சள் பற்று. அடுப்படியில் இருந்த அவன் மனைவி சடச்சி எழுந்து குறுக்கே வந்து நின்றாள்.

"இன்னும் என்ன பாக்கி?"

"சாப்பாடு கேட்டு வந்தேன்."

"என்னது?"

"பசிக்கிறது அம்மா."

சடச்சி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"மடத்து ஆளுங்களே இப்படித்தான். சாமி பேரைச் சொல்லித் திம்பீங்க. எங்களைக் கண்டா அடிப்பீங்க."

மாசிலாமணிக்குச் சுர்ரென்று ஏறியது.

"மடத்தில் இருக்கிறவர்கள் ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டார்கள். எல்லாரையும் சேர்த்துப் பேசாதே. அடித்தது நான். நான் ஒருத்தன்!"

சொல்லி முடித்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

சடச்சி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன் பேரு என்ன?"

"மாசிலாமணி."

"உக்காரு."

களியும் முட்டைக் குழம்பும் கொண்டுவந்தாள். அவர் தயங்குவதைப் பார்த்தாள்.

"முட்டை தின்ன மாட்டியா? முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று திட்டிக்கொண்டே வட்டிலை மாற்றிக் கீரை ஊற்றினாள்.

குப்பாண்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவனும் சாப்பிட ஆரம்பித்தான். அடிபட்ட வலது தோளைத் தூக்க முடியாமல் இடது கையால் பிசைந்தான். அதைப் பார்க்க முடியாமல் மாசிலாமணி எதையாவது பேச நினைத்தார்.

"கிணற்றில் தண்ணீர் நிறையவா?"

"கழுத்துக்கு மேலதான். படியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டேன்."

"நீந்தியிருக்கலாமே?"

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

"வாத்து மேய்க்கிறாய், நீச்சல் தெரியாதா?"

"வாத்துக்குத் தெரியுமே," என்றான் குப்பாண்டி.

சடச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழவர்கூடத் தடியைக் கீழே போட்டார். மாசிலாமணி மட்டும் சிரிக்கவில்லை.

"பிறகு எந்தத் தைரியத்தில் இறங்கினாய்?"

குப்பாண்டிக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"குட்டி கத்துச்சுங்களே," என்றான்.

மாசிலாமணிக்குப் புரையேறியது. இருமி இருமிக் கண்ணில் நீர் வழிந்தது. நிற்கவில்லை.

சடச்சி ஓடிவந்து அவர் உச்சந்தலையில் தட்டினாள்.

"மெதுவாத் தின்னுய்யா," என்றாள். "யாரோ உன்னை நினைக்கிறாங்க."